தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய ஊரை அழகாக மட்டும் படம் எடுக்கலாமா? (தர்மபுரி)

தகடூர்ப் பையன் | ஞாயிறு, இரவு 10:15

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தர்மபுரி, கோட்டைக் கோயில் பக்கம் வீடு. 11 வருடமாக வேலை பெங்களூரில். சனிக்கிழமை ஆனால் ஊருக்கு வந்துவிடுவேன்.

போன மாதம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அட, அந்தத் தண்ணியில்லாக் காடா?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அரசு வேலையில் ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் தர்மபுரிக்கு மாற்றல் போடுவார்கள் என்று அவர் அப்பா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர். ஊரைக் காட்டலாம் என்று என் போனில் படம் தேடினேன். ஒகேனக்கல் அருவி நான்கு இருந்தது, அக்கா மகள் காதுகுத்து ஐம்பது இருந்தது. நான் பிறந்து வளர்ந்த டவுன் ஒன்றில்கூட இல்லை. இணையத்தில் தேடினால் தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரி, வறண்ட ஏரி, விலை இல்லாமல் ரோட்டோரம் கொட்டிய பாலக்கோட்டுத் தக்காளி. எல்லாம் நடந்ததுதான். ஆனால் அதுதான் ஊர் என்றால் நான் வாராவாரம் நான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து எதற்காக வருகிறேன்?

அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரு வருடம், வாரத்துக்கு ஒரு படம். ஊரின் நல்ல முகம் மட்டும். இதுவரை எடுத்தவை: விடியற்காலை ராமக்காள் ஏரி, மல்லிகார்ஜுனர் கோயில் மண்டபத்தின் தொங்கும் தூண், காமாட்சியம்மன் கோயில் அடிப்பகுதியில் ஓடும் ராமாயணச் சிற்ப வரிசை, அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணியில் ஏற்றும் விளக்கு, தொல்லியல் துறை அகழ்வைப்பகத்து நடுகற்கள்.

கேள்வி இரண்டு. டவுனுக்குள் வேறு என்ன எடுக்கலாம்? அடுத்தது, நல்லதை மட்டும் எடுப்பது பொய் சொல்வது ஆகுமா? இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

---

நாலு ரோடு | ஞாயிறு, இரவு 11:02

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பட்டுக்கூடு அங்காடிக்குப் போங்கள். நம் ஊரில் அதைவிட அழகான இடம் எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் வெண்கூடு, இன்னொரு பக்கம் மஞ்சள் கூடு, குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருப்பார்கள். மேலேயிருந்து வரும் வெளிச்சம் கூட்டின் மேல் பட்டுத் திரும்பி ஆட்களின் முகத்தில் விழும். ஸ்டூடியோவில் வெள்ளைத் துணி கட்டி உண்டாக்குகிற வெளிச்சம் அங்கே சும்மா கிடைக்கிறது.

விவசாயி கூட்டைக் கையில் எடுத்து காதோரம் ஆட்டிப் பார்ப்பார். உள்ளே கூட்டுப்புழு லேசாக ஆடுகிறதா என்று கேட்கிறார். அந்தக் கையை எடுங்கள். நான்கு வாரம் ராத்திரி பகலாக மல்பெரி இலை போட்டு வளர்த்த கை அது.

ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். அன்றைய விலைதான் அவர்களுக்கு அந்த மாதம்.

---

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி) | திங்கள், காலை 6:48

2004 பிப்ரவரி வரை நாம் ஒரே மாவட்டம்தானே, அதனால் நானும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் எல்லோரும் கிருஷ்ணகிரி அணையையும் மலைக்கோட்டையையும் எடுப்பார்கள். நான் ஐந்து வருடமாக ஒரே மாமரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தை மாதம் பூ, பங்குனியில் பிஞ்சு, ஆனி வாக்கில் பெங்களூரா காய் ஏற்றிக்கொண்டு கூழ் பேக்டரிக்குப் போகும் டிராக்டர். விலை விழுந்த வருடம் காய் மரத்திலேயே பழுத்து விழுந்தது, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. அந்த வருடமும் எடுத்தேன். ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வருடத்துப் படம்தான் நன்றாக இருக்கிறது. தரையெல்லாம் மஞ்சள். நான் அழுதுகொண்டே எடுத்த படம் அது, பார்க்கிறவர்கள் என்ன விளைச்சல் என்கிறார்கள். என்ன செய்வது, கீழே நான்கு வரி எழுதி வைத்தேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

---

அரூர் டீச்சர் | திங்கள், இரவு 8:30

தம்பி, உன் ஆசை புரிகிறது. ஆனால் எனக்கு இதில் உறுத்தல் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது. பெண் குழந்தையைப் பெற்றவளே வேண்டாம் என்று சொல்ல வைத்த ஊர், தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட ஊர். இலக்கியம்பட்டியில் 2000 பிப்ரவரியில் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் பஸ்ஸுக்குள் எரிந்தார்கள். நத்தம் காலனியில் 2012இல் வீடுகள் எரிந்தன. ராமக்காள் ஏரியின் சூரியோதயத்தை மாட்டி வைத்து இதுதான் தர்மபுரி என்றால், அந்த வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைப்பார்?

என் பள்ளிக்கு மலையிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வருடம் ஒருமுறையாவது பெரிய காமிராவோடு யாரேனும் வருவார்கள். சிலர் கிழிந்த சட்டையைத் தேடுவார்கள். சிலர் பூவைக் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொல்வார்கள். இரண்டு பேருமே அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டதில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் ஒரே கோபம்தான்.

---

தகடூர்ப் பையன் | திங்கள், இரவு 9:55

டீச்சர், நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். பஸ் எரிந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அன்றைக்கு எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எதையும் மறைக்க நான் கிளம்பவில்லை. அந்தப் படங்கள் ஏற்கெனவே உலகம் முழுக்க இருக்கின்றன, இல்லாத படங்களை எடுக்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அந்த வீட்டுக்காரர் பார்த்தால் என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

---

பழைய ஸ்டூடியோ | செவ்வாய், மாலை 4:20

31 வருடம் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, எட்டுத் துக்கம் வரைக்கும் எடுத்தவன். இப்போது கடை இல்லை, நெகட்டிவ் மட்டும் இரண்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இந்த விவாதத்தில் எல்லோரும் இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் ஊர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம். பாறைக்குள்ளிருந்து கரைந்து வருவது, போர் ஆழம் போகப் போக பல இடங்களில் இன்னும் அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது என்கிறார்கள். பல் முளைத்து உறுதியாகிற வயதில், எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குப் பல் பழுப்புக் கோடு விழுந்துவிடும். தேய்த்தால் போகாது, வெற்றிலைக் கறையும் இல்லை. பல்லுக்குள்ளேயே இருப்பது. இன்னும் அதிகமானால் எலும்பு வளைந்து போனவர்களையும் நம் கிராமங்களில் பார்த்திருக்கிறோம்.

இதனால் என் தொழிலில் என்ன நடந்தது தெரியுமா? பெண் பார்க்க அனுப்பும் போட்டோவுக்கு வருகிற பெண்கள் யாரும் வாயைத் திறந்து சிரிக்க மாட்டார்கள். அம்மாவே பக்கத்தில் நின்று, "வாயை மூடிக்கிட்டுச் சிரிம்மா" என்பார். மாப்பிள்ளைகளும் அப்படித்தான். குரூப் போட்டோவில் நாற்பது பேர் நின்றால் நாற்பது பேரும் உதட்டை மூடியிருப்பார்கள். வெளியூர்க்காரர் என் ஆல்பத்தைப் பார்த்து, "உங்க ஊர் ஆளுங்க ரொம்ப சீரியஸான ஆளுங்களா?" என்று கேட்டார். அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சிரிக்கத் தெரியாத ஊர் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்தேன். நம் ஆட்கள் எவ்வளவு சிரிப்பார்கள்! களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் கதை சொன்னால் திண்ணையே குலுங்கும். அந்தச் சிரிப்பு ஒன்றுகூட என் 31 வருடத்து நெகட்டிவில் இல்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு டச்சப் செய்து பல்லை வெள்ளையாக்கிக் கொடுக்க ஆரம்பித்தோம். முதல் பத்து ஆல்பம் சந்தோஷமாகக் கொடுத்தேன். அப்புறம் ஒரு பெண், கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து வந்து, "அண்ணா, அந்தப் படத்தை வீட்டுல மாட்டியிருக்காங்க, வர்றவங்க படத்தையும் பார்க்குறாங்க, என் வாயையும் பார்க்குறாங்க" என்றார். அதோடு யாருக்கும் நான் பல்லைத் தொடவில்லை. அவர்களாகக் கேட்டால் மட்டும், வேறு கடைக்குப் போகச் சொல்லிவிடுவேன்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் இதற்கு நேர் எதிர். வாயைத் திறக்கச் சொல்லிக் கிட்டே போய்ப் பல்லை மட்டும் எடுப்பார்கள். நோயைக் காட்ட அது தேவைதான், அந்தப் படங்கள் பேசியதால்தான் ஒகேனக்கல் குடிநீர் வந்தது என்றும் சொல்லலாம். ஆனால் அந்த முகத்துக்கு மேலே கண் இருந்தது.

தம்பி, நல்ல முகம் எடுக்கிறேன் என்கிறாய். யாருக்கு நல்ல முகம்? அதை முதலில் முடிவு செய்.

---

காரிமங்கலம் மருமகள் | செவ்வாய், மாலை 5:11

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். 212 படம். ஒன்றில்கூட என் பல் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் இதை நான் கவனித்ததே இல்லை, என் கணவரும் கவனித்ததில்லை. அவர் ஈரோட்டுக்காரர்.

---

பரிசல் துறை | புதன், மதியம் 1:40

ஒகேனக்கல்லில் அப்பா பரிசல் ஓட்டுகிறார், தாத்தாவும் ஓட்டியவர். எங்களைப் போல் படம் எடுக்கப்பட்டவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். சினிமாக்காரர், சுற்றுலா வருபவர், செல்பி எடுப்பவர் என்று தினமும். எங்களிடம் எங்கள் படம் ஒன்றுகூட இல்லை.

காவிரியில் வெள்ளம் வந்தால், பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கனஅடி என்று டிவியில் ஓட ஆரம்பித்ததும், கலெக்டர் உத்தரவில் பரிசலை நிறுத்திவிடுவார்கள். மழை பிடித்த வருடம் ஆடி மாதம் முழுக்க நிற்கும். அருவி அப்போதுதான் பார்க்க மிரட்டலாக இருக்கும், செந்நிறத்தில் பாறை தெரியாமல் ஓடும். அதை எடுக்க ஊரெல்லாம் வருவார்கள். அந்த நாட்களில் கரையில் கவிழ்த்துப் போட்ட பரிசல்கள் வரிசையாகக் கிடக்கும், மூங்கில் விட்டுப்போன இடத்தை அப்பா கட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் காமிரா திரும்பி நான் பார்த்ததில்லை. அதுவும் அழகுதான். முன்னாலெல்லாம் மூங்கில் கூடைக்குத் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். முடைவது மட்டும் மாறவில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். போனில் அனுப்புகிறேன் என்று சொல்லாதீர்கள். அப்பாவின் போன் பட்டன் போன்.

---

அரூர் டீச்சர் | புதன், இரவு 9:05

பழைய ஸ்டூடியோ ஐயா எழுதியதை மூன்று முறை படித்தேன். எனக்கு உறுத்தியது எது என்று இப்போதுதான் எனக்கே தெளிவாகிறது. அழகைக் காட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை. படத்தில் இருப்பவருக்குச் சொல்ல இடம் இல்லாமல் இருப்பதில்தான் சண்டை.

வாச்சாத்தி எங்களுக்குப் பக்கம். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தன மரச் சோதனை என்று வந்த வனத்துறை, போலீஸ் ஆட்கள் அந்த ஊரை என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள் கோர்ட்டில் நின்று சாட்சி சொன்னார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். அந்தப் பெண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது போன்ற படங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 31 வருடம் தலை நிமிர்ந்து நின்றவர்களுக்கு அந்தப் படம் பொருந்தவே இல்லை. நம் மாவட்டத்தின் நல்ல முகம் எது என்று என்னைக் கேட்டால் நான் அவர்களைத்தான் சொல்வேன், எந்த ஏரியையும் விட. அதற்காக நீ காமிராவோடு அங்கே போக வேண்டாம். அவர்களைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் படம் எடுத்தாகிவிட்டது.

வேண்டுமானால் தைப்பூசத்துக்குக் குமாரசாமிப்பேட்டைக்குப் போ. முருகன் தேரைப் பெண்கள் மட்டும் வடம் பிடித்து இழுப்பார்கள். பெண் பிள்ளை வேண்டாம் என்று பேர் வாங்கிய ஊரில் தேரே அவர்கள் கையில்தான் நகர்கிறது. தேரை எடுக்காதே, வடத்தை எடு. பாட்டிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்திருப்பார்கள்.

---

ஞாயிறு பஸ் | வியாழன், இரவு 11:50

நான் கொத்தனார். பெங்களூரில் சைட்டில் தங்கி வேலை. பென்னாகரம் பக்கம் ஊர். டைப் செய்ய நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ராத்திரி தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். நாங்கள்தான். பையில் ராகி மாவு இருக்கும், புளி இருக்கும், அம்மா வறுத்துக் கொடுத்த நிலக்கடலை இருக்கும். சிலர் பெண்டாட்டியோடு போவார்கள், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி வருவார்கள்.

இது நல்ல முகமா கெட்ட முகமா எனக்குத் தெரியவில்லை. மழை இல்லை, நிலம் இல்லை, அதனால் போகிறோம். ஆனால் பஸ்ஸுக்குள் சந்தோஷமாகத்தான் இருப்போம். பாட்டு ஓடும், கடலை கை மாறும். பாரதக் கூத்தில் வேஷம் கட்டுகிறவர் ஒருவர் எங்கள் செட்டில் இருக்கிறார், சென்ட்ரிங் அடிப்பவர். ஓசூர் தாண்டுகிற வரைக்கும் பாடுவார். ஊரில் பாரதம் நடக்கிற நாட்களில் எத்தனை நாள் கூலி போனாலும் வந்துவிடுவார். மண்ணில் செய்து படுக்க வைத்த துரியோதனன் மேல் அவர் ஏறி நிற்கும்போது நீங்கள் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை அதே ஆள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பலகை அடிப்பார்.

எடுப்பதாக இருந்தால் இரண்டையும் எடுங்கள்.

---

தகடூர்ப் பையன் | வெள்ளி, காலை 7:30

அண்ணா, நானும் ஞாயிறு இரவு அதே பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறேன். ஏசி பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்து பிளாட்பாரத்தை இத்தனை வருடம் நான் பார்க்கவே இல்லை. இந்த வாரம் உங்களோடு வரட்டுமா? காமிரா இல்லாமல் முதலில் வருகிறேன்.

---

கல்லெழுத்து | வெள்ளி, மதியம் 12:15

நடைமுறை விஷயங்கள் சில, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதான ஓவியங்களுக்கு பிளாஷ் போடவே போடாதீர்கள். இருக்கிற நிறம் போனால் திரும்ப வராது. ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டு தரையில் காமிராவை மல்லாக்க வைத்து எடுங்கள், ஸ்டாண்டுக்கு அனுமதி தேவைப்படும். ஒகேனக்கல் பக்கம் காடு, அந்தப் பகுதியில் 2022இல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமும் வந்துவிட்டது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அகழ்வைப்பகத்து நடுகற்களை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் தட்டையாக விழும். பக்கவாட்டில் ஒரு வெளிச்சம் சாய்வாகப் பட வேண்டும், அப்போதுதான் வீரன் கையில் உள்ள வில்லும் கல்லில் உள்ள வட்டெழுத்தும் எழுந்து வரும். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு அவன் ஊர்க்காரர்கள் வைத்த கல் அது. ராஜா வைத்ததில்லை. நம் மண்ணில்தான் இவை இவ்வளவு கிடைக்கின்றன. சாகும்போதுகூட நிமிர்ந்த கோலத்தில்தான் செதுக்கியிருக்கிறார்கள். டீச்சர் சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்தக் கல் ஞாபகம் வந்தது.

---

தகடூர்ப் பையன் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:10

கேட்டவர்களுக்கெல்லாம் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிறு பஸ் அண்ணனோடு மூன்று வாரம் போனேன். முதல் வாரம் வெறும் கையோடு. மூன்றாவது வாரம் அவர்களே, "என்ன தம்பி, காமிரா ஒடைஞ்சு போச்சா?" என்று கேட்டார்கள். அதற்கு அப்புறம்தான் எடுத்தேன். 35 மி.மீ. லென்ஸ், பஸ்ஸின் உள் விளக்கு மட்டும். நன்றாக வந்தவை ஐந்து. கடலையைக் கை மாற்றும் படம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பரிசல் துறை தம்பியின் அப்பாவுக்கு எட்டுக்குப் பன்னிரண்டு சைஸில் இரண்டு பிரிண்ட் கொடுத்தேன். ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். இன்னொன்றை, "இதுல என் கை சரியா இல்ல, முடையுறது இப்படிப் பிடிச்சு இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். நான் அழகுக்காகக் கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி எடுத்த படம் அது. அதைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

பெரிய விஷயம் இனிமேல்தான். பூ மார்க்கெட்டில் சாமந்தி விற்கும் அம்மா ஒருவர். அறுபது வயது இருக்கும். மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது பக்கத்துக் கடைக்காரர் ஏதோ சொல்ல, அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். எடுத்துவிட்டேன். மஞ்சள் பூ, காலை வெயில், முழுச் சிரிப்பு. பழுப்புப் பற்கள் அத்தனையும் தெரிகின்றன. பழைய ஸ்டூடியோ ஐயா 31 வருடமாகத் தனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்ன சிரிப்பு இதுதான் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த வருடத்தின் முதல் படம் இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நல்லாத்தான் எடுத்திருக்க சாமி. ஆனா இது வேணாம்" என்றார். நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். இதுதான் அழகு என்றேன், ஊரே பார்க்க வேண்டும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே பூவை அளந்து போட்டார். கடைசியில், "உனக்கு அழகு. எனக்கு வேணாம்ப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். நேற்று அழித்துவிட்டேன். சரிதானா?

---

அரூர் டீச்சர் | ஞாயிறு, இரவு 7:45

சரி. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் சரி. முதலில் நான் உன்னிடம் உண்மையைக் காட்டு என்று சண்டை போட்டேன். அந்தப் பல் உண்மைதான். அதைக் காட்டுவதா வேண்டாமா என்று சொல்ல அந்த அம்மாவுக்கு ஒருத்தருக்குத்தான் உரிமை.

---

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி) | ஞாயிறு, இரவு 8:20

எனக்கு மனசு ஒப்பவில்லை. அழித்திருக்க வேண்டாம். யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கலாம். நாளைக்கு அவர் பேரன் பேத்திகள் எங்கள் பாட்டி சிரித்து ஒரு படமாவது இருக்கிறதா என்று தேடுவார்கள். அவர்களுக்காகவாவது.

---

பழைய ஸ்டூடியோ | திங்கள், காலை 10:30

மாந்தோப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானாக இருந்தால் அந்தப் படத்தை அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டு, இது உங்களிடமே இருக்கட்டும், கிழித்தாலும் வைத்தாலும் உங்கள் இஷ்டம் என்று சொல்லியிருப்பேன். போகட்டும். பிரிண்ட் யாரிடம் இருக்கிறது?

மறுபடியும் அவரிடம் போ தம்பி. எப்படி எடுத்தால் பிடிக்கும் என்று அவரையே கேள். கேட்டதை அப்படியே எடு. வாயை மூடியிருந்தாலும் முகம் சிரிக்க வைக்கலாம், 31 வருடம் நான் செய்த வேலையே அதுதான். சாயங்காலம் நான்கரை மணிக்கு மேல் கிழக்கே பார்த்து உட்கார வை. வெயில் நேராகப் படாமல் ஏதாவது வெள்ளைச் சுவரில் பட்டு முகத்துக்குத் திரும்பட்டும். இரண்டு கண்ணிலும் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்துவிட்டால் உதடு என்ன செய்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். 50 மி.மீ. போதும், கிட்டே போகாதே.

---

தகடூர்ப் பையன் | அடுத்த ஞாயிறு, இரவு 9:15

பிரிண்ட் அந்த அம்மாவிடம்தான் இருக்கிறதாம். கிழிக்கவில்லை. பெட்டிக்குள் வைத்திருக்கிறேன் என்றார், எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை.

எப்படி எடுத்தால் பிடிக்கும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, பதிலைத் தயாராக வைத்திருந்தவர் போல, "எம் பேத்தியோட எடு" என்றார். சாயங்காலம் வரச் சொன்னார். பேத்திக்கு ஒன்பது வயது. அவள் பிறப்பதற்கு முன்பே, 2013இல், ஒகேனக்கல் குடிநீர் அவர்கள் ஊருக்கு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீர்தான். அம்மா புதுப் புடவை கட்டி, பக்கத்து வீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு எதிரே தானே இடம் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஐயா சொன்ன வெளிச்சம் அப்படியே இருந்தது.

"நான் வாயை மூடிக்குறேன், அவ சிரிக்கட்டும்" என்றார். பேத்தியிடம் திரும்பி, "நல்லா பல்லைக் காட்டிச் சிரிடி" என்றார். அவள் சிரித்தாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், காமிராவைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

மூன்று பிரிண்ட் கேட்டிருக்கிறார்கள். புதன்கிழமை போட்டு, சனிக்கிழமை கொடுக்க வேண்டும்.